பழைய காரா, ஆர்டிஆரா, கிட்டா: வேகமான ஆர்சி கார்களுக்குத் திரும்புகிறவர்களுக்கு

பல வருஷம் தொடாமல் இருந்துவிட்டு, மறுபடி ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி கார் ஆசை வந்தவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பரணில் கிடக்கும் பழைய காரை எழுப்பலாம். பெட்டியைத் திறந்ததும் ஓடும் ஆர்டிஆர் வாங்கலாம். உதிரி உதிரியாக வரும் கிட்டை நாமே பூட்டலாம். பூட்டிக் கழற்றுவதே பிடிக்கும் என்பவருக்குக் கிட்தான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் முதலில் கை போவது பழைய காரின் மேல்தான்.

பழைய காரின் சேஸிஸ் நன்றாகவே இருக்கலாம், உள்ளே இருக்கும் மின்சாதனங்களை நம்ப முடியாது. அலைவரிசைக்காகக் கிரிஸ்டல் என்ற சின்னத் துண்டை மாற்றி ஓட்டும் 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் என்றால் அதை ஓரம் கட்டிவிடுங்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில், பக்கத்தில் நாலு பேர் ஓட்டினாலும் எந்த அலைவரிசை யாருக்கு என்ற பேச்சே இல்லை. அடுத்த கவலை பாகங்கள். 1984-ல் வந்த தமியா ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் போன்றவை 2000-களில் மறுபடி வெளியானதால் அவற்றுக்குப் பாகம் தேடுவது எளிது. மறந்துபோன மாடல் என்றால் ஒரு பல்சக்கரம் போனாலே கார் படுத்துவிடும்.

சரி, பழைய காரிலேயே பிரஷ்லெஸ் மோட்டாரும் (கார்பன் பிரஷ் இல்லாத, வேகமான மோட்டார்) லிப்போவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டால்? இங்கேதான் நிதானம் வேண்டும். மோட்டாரின் கேவி எண்ணை (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது, கிலோவோல்ட் அல்ல) வோல்ட்டால் பெருக்கினால், சுமை இல்லாதபோது அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். 3300 கேவி மோட்டாருக்கு 2எஸ் லிப்போவில், அதாவது இரண்டு செல் சேர்ந்த 7.4 வோல்ட்டில், 24,420 சுற்று. 3எஸ் போட்டால் 11.1 வோல்ட்டில் 36,630. ஆறு செல் நிக்கல் பேட்டரியும் 7.2 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது நிக்கல் பேட்டரியின் வோல்ட் தொய்ந்துவிடும், லிப்போ தாங்கி நிற்கும். அந்த உதையெல்லாம் சாதாரண 540 அளவு பிரஷ் மோட்டாருக்காகச் செய்த பிளாஸ்டிக் கியர்பாக்ஸ் மேல்தான் விழும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ஸ்பீடு கன்ட்ரோலரையே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் லிப்போவாக மாற்றுவது இன்னும் மோசம். அதில் வோல்ட் இறங்கினதும் மோட்டாரை நிறுத்தும், லிப்போவுக்கான கட்-ஆஃப் இருக்காது, செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுப்போகும், உப்பவும் செய்யும். உப்பின லிப்போவைச் சார்ஜரில் போடவே கூடாது.

ஆர்டிஆரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008-ல் வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் மாதிரியான காரில், பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அன்று மாலையே ஓட்டலாம். பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். ஓட்டுவதுதான் முக்கியம் என்பவருக்கு இது சரியான தேர்வு. குறை என்னவென்றால், முதல் தடவை உடையும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

கிட்டில் அந்தத் தொல்லை இல்லை. 2013-ல் வந்த தமியா டிடி-02 எளிய கார்தான், ஆனாலும் நாலு சக்கரமும் ஷாஃப்ட் வழியே சுழலும் அமைப்பை நம் கையாலேயே கோப்போம். அச்சுகளைத் தாங்கக் கூட வரும் பிளாஸ்டிக் புஷ் வளையங்களை எடுத்துவிட்டு, பூட்டும்போதே பால் பேரிங் போட்டுவிடுங்கள். அப்புறம் பிரிப்பது இரட்டை வேலை. ஆயில் ஷாக் (ஆயில் நிரப்பிய ஷாக் அப்சார்பர்) வாங்கினால் அதை நிரப்புவதில் அவசரமே வேண்டாம். ஆயிலை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கினால் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். கடைசிக் குமிழி அடங்கும்வரை நிறுத்தி வைத்துவிட்டு மூடுங்கள். காற்று தங்கின ஷாக்கை அழுத்தினால் சளசளவென்று சத்தம் வரும், நாலு ஷாக்கும் நாலு விதமாக வேலை செய்யும். அதிவேகத்தில் கார் நேராக ஓடாமல் அலைபாய இது ஒன்றே போதும்.

வேகம் கூட்ட ஆசைப்பட்டால் 2எஸ்ஸிலேயே சின்ன பினியனோடு, அதாவது மோட்டார் அச்சில் மாட்டும் பல்சக்கரத்தில் பல் குறைவானதோடு, தொடங்குங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பினியனில் ஒரு பல் குறைக்க வேண்டும், நன்றாகக் குறைந்திருந்தால் ஒரு பல் கூட்டிப் பார்க்கலாம். அளவுக்கு மீறிச் சூடானால் காந்தம் வலுவிழக்கும், அது ஆறின பிறகும் திரும்பாது.