லாடமா, வெறுங்காலா? 19 வயதுப் பெரியம்மாவின் 16 மாதங்கள்

பெரியம்மா என்பது எங்கள் குதிரையின் பெயர். செவலை நிறம், தரோபிரெட் இனப் பெட்டை, வயது 19. சின்ன வயதில் பந்தயத்தில் ஓடியவள். அப்போது ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள்.

நொண்டினாள் என்று சொல்ல முடியாது. திரும்பும்போது தயங்குவாள். இறக்கத்தில் எடுத்து வைக்கும் அடி குறுகும். நிற்கும்போது முன்கால்களை மாற்றி மாற்றி முன்னே நீட்டி வைத்துக்கொள்வாள். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நானும் ஒரு வருடம் ஓட்டினேன். கடைசியில் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குளம்பின் அடித்தட்டு 9 மில்லிமீட்டர்தான் இருந்தது, 15-க்குக் குறையாமல் இருந்தால் நல்லதாம். நுனி நீண்டு, குதிகால் பக்கம் முன்னோக்கிச் சரிந்து கிடந்தது. அடியில் முக்கோணமாக ரப்பர் மாதிரி இருக்க வேண்டிய ஃப்ராக் என் சுண்டுவிரல் அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதன் பின்பக்க வெடிப்பில் ஒரு தீக்குச்சியை மெதுவாக விட்டுப் பார்த்தார். பாதிக் குச்சி உள்ளே போய்விட்டது. நாற்றம் வேறு.

என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். லாடத்தையே ஒழுங்காகத் தொடர்வது. லாடத்தைக் கழற்றிவிட்டு, குளம்பைச் சீவிச் சீவி வெறுங்காலில் தேற்றுவது. இரண்டுக்கும் நடுவில், வெளியே போகும்போது மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டுவது. நான் எடுத்தது இரண்டாவது, அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாடத்துக்கு ஆதரவான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அடித்த அன்றே குதிரை நிம்மதியாக நடக்கும். ஜல்லி ரோட்டில் கவலை இல்லை. தினமும் தார் ரோட்டில் 15 கிலோமீட்டர் வண்டி இழுக்கும் குதிரைக்கு வளர்ச்சியை விடத் தேய்மானம் அதிகம், அதற்கு லாடம் வேண்டும்தான். அங்கே நான் வாதாடவே வர மாட்டேன். செலவும் பெரிய விஷயமில்லை. லாடம் அடிக்க வரும் பாயின் பயணச் செலவோடு ஒரு தடவைக்கு எனக்கு 1,800 ரூபாய் ஆகும். வெறுங்கால் என்றால் மிச்சம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். அரம், குளம்புக் கத்தி, அவசரப்பட்டு வாங்கிய பூட்ஸ் எல்லாம் சேர்ந்து முதல் வருடக் கணக்கு லாடத்தைத் தாண்டிவிட்டது.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம். லாடக்காரர் ஒருமுறை வந்து போனதற்கும் மறுமுறை வருவதற்கும் நடுவே குளம்பில் என்ன நடக்கிறது என்பதுதான் அது.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் இல்லாவிட்டால் நடக்க நடக்க ஓரளவு தேயும். லாடம் அடித்ததும் நுனியில் தேய்மானம் நின்றுவிடுகிறது, வளர்ச்சி நிற்பதில்லை. அதுவும் நேர் கீழாக வளராது, சாய்வாக முன்னோக்கி வளரும். ஆணி அடித்த லாடமும் அதோடு சேர்ந்து முன்னே நகரும். குதிப்பக்கம் கதையே வேறு. காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் குதி கொஞ்சம் விரிந்து சுருங்குவதால், அங்கே மட்டும் இரும்போடு உரசித் தேய்கிறது. கழற்றிய பழைய லாடத்தைத் திருப்பிப் பாருங்கள். குதி உட்கார்ந்த இடத்தில் வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நுனி நீளமாகிக்கொண்டே போக, குதி குறைந்துகொண்டே போகிறது. நுனி ஒரு கடப்பாரை மாதிரி. அது எவ்வளவு நீளமோ, காலைத் தூக்கும்போது பின்பக்கத் தசைநாண் அவ்வளவு இழுபடும். அந்தத் தசைநாண் சுற்றிப் போகும் சின்ன எலும்புதான் நேவிகுலர். வயதான குதிரைகளுக்கு வலி வரும் இடங்களில் அதுவும் ஒன்று.

இதைத் தடுக்க 5 அல்லது 6 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேண்டும். இது லாடம் அடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், எங்கள் பாய்க்கு மிக நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஒற்றைக் குதிரைக்காக வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. இந்தப் பக்கம் நாலு குதிரை சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசி நாலு வருகைகளின் இடைவெளி 8 வாரம், 9 வாரம், 7 வாரம், 11 வாரம். 11 வாரம் ஆனது தீபாவளியும் மழையும் அவர் மகள் கல்யாணமும் ஒன்றாக வந்ததால். 9 வாரத்தில் நுனி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போயிருக்கும். பெரியம்மாவின் தயக்கம் எப்போதெல்லாம் கூடியது என்று யோசித்தால், பெரும்பாலும் பாய் வருவதற்கு முந்தைய மூன்று வாரங்கள்தான்.

ஆணி அடித்த லாடத்தை நான் தொட முடியாது. வெறுங்குளம்பை 10 நாளைக்கு ஒருமுறை நானே அரத்தால் இழுக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பாயிடம் சொன்னபோது சிரித்தார். "தம்பி, பந்தயக் குதிரைக்கு ஒன்றரை வயசுல லாடம் ஏத்துறாங்க. இது 17 வருஷமா இரும்பு மேல நின்னது. கழட்டிப்புட்டா கல்லு மேல நடக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"நடக்காது பாய். அதனாலதான் கல்லு மேல ஏத்தப் போறதில்ல."

அவரே கழற்றினார், அவரே கற்றுக்கொடுத்தார். அடித்தட்டைக் கத்தியால் தொடாதே, அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேண்டும் என்றார். ஆணி ஓட்டைகள் வரிசையாக உடைந்து விழும், அதைப் பார்த்துப் பயப்படாதே. நுனியைப் பின்னால் கொண்டுவா, வெளி ஓரத்தைத் தட்டின் விளிம்பு மாதிரி உருட்டிவிடு. குதியை ஒரே நாளில் இறக்காதே. "கொஞ்சமா எடுத்தா நாளைக்கு எடுத்துக்கலாம். நெறைய எடுத்தா ஒட்ட முடியாது" என்றார். கழற்றிய லாடங்களில் மூன்று அன்று சாயங்காலமே போய்விட்டன. வாசல்படியில் அடிக்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் 3 வாரம் எந்த வேலையும் இல்லை. மண் தரையில் சும்மா நின்றாள். பிறகு பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரத் தார் ரோட்டில் கயிற்றைப் பிடித்து நடத்தினேன். தார் ரோடா என்று பலர் கேட்டார்கள். வழவழப்பான கெட்டித் தரையில் ஒரு ஒற்றைக் கல் போய் அடித்தட்டில் குத்தாது. ஆரம்பத்தில் 10 நிமிடம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினேன். வளையம் போட்டுச் சுற்ற விடவில்லை, நேர் நடை மட்டும். சின்ன வட்டம் வலிக்கிற முன்காலைத் திருகிவிடும். நாலாவது மாதம் சேணம் போட்டேன். நானும் சேணமும் சேர்ந்து 76 கிலோ. அவள் எடை 440. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கணக்குக்குள் அது அடங்குகிறது. வயதான முதுகுக்கு இன்னும் குறைவாக இருந்தால் நல்லதுதான். நான் இளைக்க வேண்டும்.

இந்த மெதுநடையை வெறும் உடற்பயிற்சி என்று நினைத்தவன் நான். அப்படி இல்லை. ஃப்ராக்குக்கும் அதற்கு மேலே உள்ள மெத்தை போன்ற திசுவுக்கும் வேலை கொடுத்தால்தான் அவை தடிக்கும். வேலை என்பது குதி முதலில் தரையில் படுவது. வலிக்கிற குதிரை நுனியை முதலில் ஊன்றும், குதிக்கு வேலையே போகாது, மேலும் சுருங்கும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. வாரம் ஒருநாள் மகன் ரோட்டில் குப்புறப் படுத்து, போனில் ஸ்லோ மோஷனில் எடுப்பான். நாலரை மாதம் வரை நுனிதான் முதலில் பட்டது. ஐந்தாவது மாத வீடியோ ஒன்றில் இடது முன்கால் தட்டையாக இறங்கியது, அடுத்த எட்டில் குதி முதலில் பட்டது. நாங்கள் அதை இருபது தடவை ஓட்டிப் பார்த்திருப்போம்.

தப்பும் செய்தேன். கிட்டத்தட்ட 2,400 வருடங்களுக்கு முன்பே கிரேக்கத்தின் செனஃபோன் ஒரு யோசனை எழுதி வைத்திருக்கிறார். லாயத்துக்கு வெளியே கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை வண்டிக் கணக்கில் கொட்டி, சிதறாமல் சுற்றிலும் இரும்பு விளிம்பு கட்டி, குதிரையை அதன் மேல் நிறுத்த வேண்டும், குளம்பு உறுதிப்படும் என்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்கர்களிடம் ஆணி லாடம் கிடையாது. படித்த வேகத்தில் ஒரு லோடு ஜல்லி இறக்கினேன். உருண்டைக் கல் என்ற வார்த்தையை எப்படித்தான் தாண்டிப் போனேனோ! உடைத்த ஜல்லியின் முனை 9 மில்லிமீட்டர் அடித்தட்டில் எப்படி இருக்கும்? ஒரு கால் வைத்தாள், எடுத்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஜல்லி இப்போது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆற்றுக் கூழாங்கல் போட்டபின் தினமும் அவளாகவே போய் நிற்கிறாள்.

பூட்ஸ் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. முன்காலுக்கு ஒரு ஜோடி வாங்கி 3 மாதம் மாட்டினேன். காய்ந்த ரோட்டில் பிரமாதம், கல்லைப் பற்றிக் கவலையில்லாமல் நடந்தாள். நம் செம்மண் ஈரமானால் உள்ளே புகுந்து, குளம்புக்கு மேல் தோலை உரசிப் புண்ணாக்கியது. குளம்பு மாறிக்கொண்டே வந்ததில் அளவும் பொருந்தாமல் போய்விட்டது. அளவு நிலைத்தபின் வாங்கியிருந்தால் என் கருத்து வேறாக இருந்திருக்கலாம். முன்காலில் மட்டும் லாடம் வைத்துப் பின்காலை விடுவது பலர் செய்வது. வலியே முன்காலில் என்பதால் எனக்கு உதவாது என்று விட்டுவிட்டேன்.

தீவனத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அதற்கு முன் கோதுமைத் தவிடு, கொள்ளு, மேலே ஒரு கட்டி வெல்லம் என்று போய்க்கொண்டிருந்தது. வெல்லத்தை அடியோடு நிறுத்தினேன், தவிட்டைக் குறைத்தேன். காய்ந்த புல்லும் அளவாகக் குதிரை மசாலும், துத்தநாகம் தாமிரம் சேர்ந்த தாதுக் கலவையும், தினம் 20 மில்லிகிராம் பயோட்டினும். பயோட்டின் பலன் காட்ட 6 மாதத்துக்கு மேல் ஆகும், புதிதாக வளரும் குளம்பில்தான் தெரியும். ஆகவே தேறியதில் சீவலின் பங்கு எவ்வளவு, தீவனத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒருவேளை பாய் தவறாமல் 5 வாரத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் லாடத்திலேயே இந்தக் குதிரை தேறியிருக்கலாம். ஒரே ஒரு குதிரையை வைத்துக்கொண்டு அதை மறுக்க முடியாது.

இன்னொன்று. 15 வயது தாண்டிய குதிரைகளுக்குக் கஷிங்ஸ் என்ற ஹார்மோன் கோளாறு வருவது சகஜம். அது இருந்தால் லாமினைடிஸ் என்ற குளம்பு அழற்சி வரும் ஆபத்து அதிகம். லாடத்தைக் கழற்றும் முன்பே மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கோளாறு இருந்திருந்தால் நான் அரத்தைக் கையில் எடுத்திருக்கவே மாட்டேன்.

16 மாதம் கழித்து இப்போது எப்படி? மேலே மயிர் முடியும் இடத்திலிருந்து முன்னைவிடச் செங்குத்தாக இறங்கிய புதுக் குளம்பு பதினொன்றாவது மாதம் தரையைத் தொட்டது. அதுவரை பழைய சரிவுக்கும் புதிய கோணத்துக்கும் நடுவே ஒரு மடிப்பு மாதாமாதம் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். அடித்தட்டு 14 மில்லிமீட்டர். ஃப்ராக் மூன்று விரல் அகலம், வெடிப்பில் தீக்குச்சி நுழையாது. தார் ரோட்டில் இரும்பு லாடத்தில் வழுக்கியவள் இப்போது வழுக்குவதில்லை. ஈரப் புல்லில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். வாரம் நாலு நாள் 40 நிமிட நடை, நடுவில் சின்னச் சின்னதாக ட்ராட் என்ற துள்ளுநடை. அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தை நான் கேட்கவில்லை. தோப்புக்குள் அவளாகவே இரண்டு தடவை ஓடினாள்.

ஜல்லி ரோட்டில் இன்றும் ஓரம் தேடித்தான் நடக்கிறாள், அது மாறும் என்று தோன்றவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக ஜல்லி ரோடு ஒன்றுதான் வழி என்றால், அல்லது குனிந்து குளம்பைத் தொடைகளுக்கு நடுவே பிடித்து 20 நிமிடம் நிற்க முதுகு ஒத்துழைக்காது என்றால், லாடமே சரி. என் முதுகு இப்போதைக்கு ஒத்துழைக்கிறது.

பாய் இன்னமும் வருகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான் கோணலாக இழுத்ததைச் சரிசெய்ய. போன தடவை வலது முன்காலைத் தூக்கி, கட்டைவிரலால் அடித்தட்டை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் மயில்துத்தம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார், ஈரம் ஏறினால் ஃப்ராக் மறுபடி அழுகும் என்று. வாங்கி வைத்துவிட்டேன்.