எம்எல்எஸ் ஃபேன் ஆகிப் பாக்கலாமா? டிவில சுமார், ஸ்டேடியத்துல வேற லெவல்

யூரோப் லீக் பாத்து பழகின கண்ணுக்கு அமெரிக்காவோட ஃபுட்பால் லீக் மேஜர் லீக் சாக்கர், அதான் எம்எல்எஸ், முதல்ல கொஞ்சம் ஒரு மாதிரியா தான் இருக்கும், இத மறைச்சு பிரயோஜனம் இல்ல. ஒரு டச் அதிகமா எடுத்து தான் பாஸ் வரும், 70 நிமிஷம் தாண்டினா டிஃபென்ஸ் கதவ திறந்து போட்டுட்டு தூங்கப் போன வீடு தான். ஆனா அதனாலயே கடைசி பத்து நிமிஷத்துல மேட்ச் தலைகீழா மாறும், போர் அடிக்குதுன்னு மட்டும் சொல்ல முடியாது.

டிவி பக்கம் மொதல்ல. 2022ல ஆப்பிள் கூட டீல் போட்டாங்க, 2023ல இருந்து ஆரம்பம், அப்ப பேசினது பத்து வருஷம், 250 கோடி டாலர். ஆரம்பத்துல தனியா சீசன் பாஸ் வாங்கணும், 2026ல இருந்து அது இல்ல, சாதாரண ஆப்பிள் டிவி சப்ஸ்கிரிப்ஷன் இருந்தாலே எல்லா மேட்சும் வருது. இதுல பெரிய நல்ல விஷயம் பிளாக்அவுட் கிடையாது. மத்த அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ்ல காசு கட்டியும் நம்ம ஊரு டீம் மேட்ச் தெரியாதுங்கற கொடுமை இருக்கே, அது இங்க இல்ல. குறை என்னன்னா சனிக்கிழமை ராத்திரி அந்தந்த ஊரு நேரம் 7:30க்கு நிறைய மேட்ச் ஆரம்பிச்சு ஒண்ணோட ஒண்ணு மோதும், எத பாக்கறது எத விடறதுன்னே தெரியாது.

அடுத்தது ரூல்ஸ். அட போங்கப்பா, இதுக்கு தனியா ஒரு சிஏ வெச்சுக்கணும். ஒரு டீமோட சம்பள லிமிட் 2025ல சுமார் 60 லட்சம் டாலர், ஆனா இன்டர் மயாமில ஆடற மெஸ்ஸி ஒருத்தருக்கு மட்டும் 2 கோடிக்கு மேல, எப்படி? 2007ல பெக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் டீமான எல்ஏ கேலக்ஸிக்கு வந்தப்ப கொண்டு வந்த டெசிக்னேட்டட் பிளேயர் ரூல், அந்த மாதிரி மூணு பேர் வரைக்கும் வெச்சுக்கலாம், எவ்ளோ சம்பளம் குடுத்தாலும் லிமிட்ல ஒரு சின்ன தொகை தான் கணக்கு. அது போக ஜெனரல் அலோகேஷன் மணி, டார்கெட்டட் அலோகேஷன் மணின்னு லீக்கே கண்டுபிடிச்ச பணம் வேற. பிளேயர் காண்ட்ராக்ட் போடறதே கிளப் கூட இல்ல, லீக் கூட. இதெல்லாம் புரியணும்னு அவசியமே இல்ல, விட்டுடுங்க, அங்க இருக்கற ஃபேன்ஸ்ல பாதி பேருக்கு புரியாது.

எனக்கு உண்மையா ஒட்டாத விஷயம் ரெண்டு. ஒண்ணு, ரெலிகேஷன், அதாவது கடைசில வர்ற டீம கீழ் லீக்குக்கு இறக்கறது, கிடையாது. கடைசி இடத்துல முடிச்சாலும் அடுத்த வருஷம் ஜம்முனு அதே லீக்ல நிப்பாங்க, செப்டம்பர்ல கீழ இருக்கற டீம் ஆடறத பாத்தா ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வரும். ரெண்டாவது பிளேஆஃப், சீசன் முடிஞ்சப்புறம் கப் யாருக்குன்னு முடிவு பண்ற மேட்ச். 30 டீம்ல 18 டீம் உள்ள போகுது, அப்புறம் 34 மேட்ச் எதுக்குங்க? 2024ல இன்டர் மயாமி 74 பாயின்ட் எடுத்து லீக் ரெக்கார்ட் போட்டுச்சு, 40 பாயின்ட் எடுத்து தட்டுத்தடுமாறி உள்ள வந்த அட்லாண்டா மொத ரவுண்ட்லயே அவங்கள தூக்கிப் போட்டுச்சு. அட்லாண்டா ஃபேனா இருந்தா இது தேன், மத்தவங்களுக்கு கொஞ்சம் அநியாயமா தெரியும்.

இவ்ளோ சொல்லிட்டு ஏன் பாக்கறேன்னு கேட்டா, ஸ்டேடியம். போர்ட்லாண்ட்ல ப்ராவிடன்ஸ் பார்க்னு ஒண்ணு, ஊருக்கு நடுவுல, ட்ரெயின் வாசல்லயே நிக்கும், 1977ல பெலே தன்னோட கடைசி அஃபீஷியல் மேட்ச் ஆடின இடம் அது. அங்க ஆடற டீம் பேரு டிம்பர்ஸ், வடக்குப் பக்கம் அவங்க ஃபேன்ஸ் கூட்டம் டிம்பர்ஸ் ஆர்மி, சீட் நம்பர் கிடையாது, முன்னாடி போனவன் முன்னாடி நிக்கலாம், நிக்கலாம்னா நிஜமாவே 90 நிமிஷமும் நிக்கணும். பாட்டு எடுத்து குடுக்கறவர கேப்போன்னு சொல்றாங்க, அந்த மனுஷன் மேட்சுக்கு முதுக காட்டிட்டு நம்மள பாத்து நிக்கறார், பாதி மேட்ச அவர் பாக்கறதே இல்ல. டிம்பர்ஸ் கோல் போட்டா டீமோட மாஸ்காட் டிம்பர் ஜோயி செயின் சா எடுத்து பெரிய மரத்துல இருந்து ஒரு வட்டு அறுத்து கூட்டத்துக்கு தூக்கிக் காட்டுவார், மேட்ச் முடிஞ்சதும் அது கோல் போட்டவனுக்கு. மரத்தூள் வாசனை ஸ்டாண்ட் வரைக்கும் வரும் சாமி. இத எந்த மார்க்கெட்டிங் டீமும் உக்காந்து யோசிச்சிருக்க முடியாது, டிம்பர்ஸ் எம்எல்எஸ்க்கு வந்ததே 2011ல தான், இந்த மர வழக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு.

சியாட்டில் வர்ற அன்னிக்கு போங்க, முடிஞ்சா. போர்ட்லாண்ட், சியாட்டில், வான்கூவர் மூணு டீமுக்கும் நடுவுல கேஸ்கேடியா கப்னு ஒண்ணு, 2004ல ஃபேன்ஸே சேந்து ஆரம்பிச்சது. லாஸ் ஏஞ்சல்ஸோட இன்னொரு டீம் எல்ஏஎஃப்சி பக்கமும் நல்லா இருக்கும்னு கேள்வி, அங்க சப்போர்ட்டர்ஸ் பேரு 3252, அவங்க ஸ்டாண்ட்ல அத்தன இடம், கூட்டினா 12, அதாவது பன்னெண்டாவது ஆளு.

இந்த லீக்ல ஃபேன்ஸ்னா சும்மா இல்லைங்கறதுக்கு கொலம்பஸ் க்ரூ டீம் கதை ஒண்ணு போதும். 2017ல ஓனர் டீம ஆஸ்டினுக்கு தூக்கிட்டு போக பிளான் போட்டாரு, ஊரே சேவ் த க்ரூன்னு கெளம்பிச்சு, கடைசில புது ஓனர்ஸ் வந்து டீம் அங்கயே தங்கிடுச்சு, 2020லயும் 2023லயும் கப் அடிச்சாங்க. ஆஸ்டினுக்கு 2021ல புதுசா வேற டீம் வந்துச்சு.

புதுசா டிக்கெட் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மெஸ்ஸி வர்ற மேட்ச மொதல்ல எடுக்காதீங்க. விலை எகிறிடும், பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு லோக்கல் டீம்ல ஒருத்தன் பேரும் தெரியாது, அவர் ஆடுவாரான்னே கேரண்டி இல்ல. 2024 மே மாசம் வான்கூவர்ல மயாமி ஆடினப்ப மெஸ்ஸி, அவர் டீம் ஸ்டார்ஸ் சுவாரஸ், புஸ்கெட்ஸ் மூணு பேருமே வரல, வான்கூவர் கிளப் சாப்பாட்டுல 50% தள்ளுபடி குடுத்து சமாளிச்சுது. அதுக்கு பதிலா ஏதாவது ஒரு புதன்கிழமை மேட்சுக்கு சப்போர்ட்டர்ஸ் செக்‌ஷன்ல எடுங்க, ஸ்கார்ஃப் அப்புறம் வாங்கிக்கலாம்.

இன்னொன்னு, 2027ல இருந்து சீசனே மாறுது, ஜூலைல ஆரம்பிச்சு மே வரைக்கும், நடுவுல டிசம்பர் பாதில இருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும் லீவு. அப்ப குளிர்ல உறையற மினசோட்டாவுல பிப்ரவரி மேட்ச் வந்தா யாராவது போய் நின்னு பாத்துட்டு சொல்லுங்க, நான் அன்னிக்கு டிவிலயே பாத்துக்கறேன்.