ஹோட்டன் சமவெளி 'ஒரு நாள் வனவிலங்குப் பயணம்': காசு போடுமுன் வாசியுங்கள்

கொழும்பிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஒரே நாளில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம் என்று வட்சப்பில் சுற்றும் விளம்பரத்துக்கு முன்பணம் போட இருப்பவர்கள் முதலில் இதை வாசித்துவிடுங்கள். பாடசாலை விடுமுறை வருகிறது, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் குடும்பக் குழுக்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்களின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும்.

நாங்கள் குடும்பமாக இந்தப் பயணம் போய் ஏமாந்து வந்தோம். எங்களுக்குச் சொன்னது இதுதான். இரவு 11 மணிக்கு வெள்ளவத்தையில் ஏற்றுவார்கள், விடிய 6 மணிக்குப் பூங்காவின் பட்டிப்பொல வாசலில் நிற்போம், தமிழ் பேசும் இயற்கை வழிகாட்டி வருவார், ஆளுக்கொரு பைனாகுலர், நுழைவுச்சீட்டு, காலைச் சாப்பாடு எல்லாம் அடக்கம், ஆளுக்கு 14,500 ரூபா. அதில் அறுபது வீதம் முன்கூட்டியே வங்கியில் போட வேண்டும். மாமிக்குப் பறவை என்றால் போதும், முழங்கால் நோவையும் மறந்து கிளம்பிவிடுவா. தம்பியின் பிள்ளைகளுக்குச் சிறுத்தை.

11 மணிக்கு என்ற வான் வந்தது ஒன்றரைக்கு. வந்தும் நேராகப் போகவில்லை, கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம், வத்தளையில் இரண்டு பெடியங்கள் என்று ஏற்றி ஏற்றி, பிறகு கித்துல்கலவில் சாரதி 'கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டு' என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தினான். அதைக் குறை சொல்லமாட்டேன், அந்த மனிசன் முதல் நாள் இரவும் வேறு ஓட்டம் ஓடியவனாம், ஹட்டன் வளைவுகளில் அவன் நித்திரைத் தூக்கத்தில் ஓட்டுவதைவிட நாங்கள் பிந்துவது மேல். ஆனால் அப்படி ஒருவனை இரவுப் பயணத்துக்கு அனுப்பியது யார்? நானுஓயா, அம்பேவல தாண்டி வாசலுக்குப் போகும்போது 10 மணியாகிவிட்டது.

அங்கே 10 மணி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் முகில் காடு. முகில் மரத்திலேயே வந்து படியும், இலையும் பாசியும் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும், மழையே இல்லாத நாளிலும் காட்டுக்குள் நனைவோம். வெயில் ஏற ஏறக் கீழ்ப்பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவில் மேலே ஏறிக் குளிர்ந்து புகாராகிவிடும். அதனால்தான் ஒன்பது, பத்து மணிக்குள் 'உலக முடிவு' என்ற மலை விளிம்பைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வது. நாங்கள் போய் நின்றபோது 870 மீற்றர் அளவு செங்குத்துப் பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. விலங்கும் அப்படித்தான். அரெங்கா என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் கருநீலச் சீட்டிப்பறவையை, உலகத்தில் இலங்கையில் மட்டும் உள்ளது, பட்டிப்பொல வீதியோரக் குளம் ஒன்றில் விடியல் இருட்டிலும் பொழுதுபடும் நேரத்திலும் பார்ப்பார்கள். மாமி வந்ததே அதற்குத்தான். அந்தக் குளத்தை வான் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் கடந்தது.

வாசலில் அடுத்த கூத்து. நுழைவுச்சீட்டு அடக்கம் என்றவர்கள் ஆளுக்கு 1,000 ரூபா கையில் கேட்டார்கள், பற்றுச்சீட்டு இல்லை. உள்நாட்டவருக்கென்று பலகையில் போட்டிருந்த கட்டணம் அதைவிட எவ்வளவோ குறைவு. கேட்டதற்கு "அது வானுக்கும் சேர்த்து அக்கா" என்றான் வழிகாட்டி. வழிகாட்டி என்று வந்தவன் சாரதியின் மச்சான், இருபது வயதிருக்கும், நல்ல பெடியன்தான், ஆனால் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேக்கர் நீர்வீழ்ச்சியில் நின்றுகொண்டு இது மகாவலி ஆறு என்றான். தம்பியின் மகள் உடனே திருத்தினாள், மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறதுதான், ஆனால் இந்த வீழ்ச்சி பெலிகுல் ஓயாவில் இருக்கிறது, அது போய்ச் சேருவது வளவைக்கு. ஆளுக்கொன்று என்ற பைனாகுலர் எல்லோருக்குமாக ஒன்று, அதிலும் வலது பக்கக் கண்ணாடியில் பூஞ்சணம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது மரை மான் விஷயத்தில். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் பொலித்தீன் லேபலைக்கூட வாசலில் உரித்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள், அவ்வளவு கவனம். எங்கள் வழிகாட்டியோ ஜக்கெட்டுக்குள் லெமன் பஃப் பிஸ்கட் பக்கெட் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான். பிள்ளைகள் விலங்கு எங்கே, விலங்கு எங்கே என்று நச்சரிக்க, வாகனத் தரிப்பிடத்துப் பக்கம் நின்ற ஆண் மரை ஒன்றுக்கு அதை உடைத்து நீட்டினான். அது பழகியது போல நேரே வந்தது, ஈர மூக்கைப் பெடியனின் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தது, மூச்சு புகையாகப் போனது, பிறகு பிஸ்கட்டை விட்டுவிட்டுக் கடதாசியைக் கவ்வி இழுத்தது. தம்பி ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பறிக்க வேண்டியிருந்தது. அந்நேரம் பார்த்து வந்த பூங்கா உத்தியோகத்தர் எங்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் ஏசினார், ஏசியது நியாயம். இதுதான் இவர்கள் விற்கும் 'வனவிலங்கை மிக அருகில் காணும் அனுபவம்'.

உருப்படியாகப் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் எங்கள் ஆட்களால் அல்ல. வேறொரு குழுவோடு வந்திருந்த வழிகாட்டி, கழுத்தில் அனுமதி அட்டை தொங்கியது, பாசி மூடிய மரத்தடி ஒன்றைக் காட்டி எங்களையும் கூப்பிட்டார். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஓணான். இலங்கையின் மலைக்காட்டை விட்டால் வேறெங்கும் இல்லாத சாதி. அது இருந்த இடத்திலிருந்து அசையவேயில்லை, கண் மட்டும் உருண்டது. பிள்ளைகள் சிறுத்தையை அங்கேயே மறந்துவிட்டார்கள்.

இனி அந்த விளம்பரம். அதில் இருந்த கரடி உலர்வலயக் காட்டு விலங்கு, வில்பத்து, யால பக்கம் போனால் பார்க்கலாம். குளக்கரையில் யானைக்கூட்டம் நிற்பது மின்னேரியாப் படம். தேவாங்கு 'உறுதி' என்று எழுதியிருந்தார்கள். ஹோட்டன் சமவெளித் தேவாங்கு இரவில் மட்டும் நடமாடும், அதன் படமே 2010இல்தான் முதன்முதலாக வெளியுலகுக்கு வந்தது, அவ்வளவு அரிது. பூங்காவோ பகலில்தான் திறந்திருக்கும். பகல் பயணத்தில் இதை எப்படிக் காட்டுவார்கள்? சிறுத்தை அங்கே இருக்கிறது, அதிர்ஷ்டம் இருந்தால் விடிய வேளையில் வீதியில் காணலாம், ஆனால் உறுதி தருகிறவன் வாயில் வந்ததைச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து மிச்சக் காசைத் தரமாட்டேன் என்று நான் சொன்னபோது, தொலைபேசியில் இனிக்க இனிக்கக் கதைத்த அதே பெண், "மூடுபனி இயற்கை அக்கா, அதுக்கு நாங்கள் என்ன செய்ய?" என்றா. மூடுபனி இயற்கைதான். ஒன்றரைக்கு வந்த வான் இயற்கையா? அதன் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

போக வேண்டும் என்றால் முதல் நாளே நுவரெலியாவிலோ ஒஹியவிலோ தங்கி விடிய வாசலுக்குப் போங்கள். சுற்றுப்பாதை 9 கிலோமீற்றர் அளவு, வயதானவர்கள் மெதுவாக நடக்கவும் நேரம் இருக்கும். வழிகாட்டி வைத்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எது அடக்கம், எது இல்லை என்பதைக் குரல்பதிவில் அல்ல, எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் குரல்பதிவு, அதைக்கூடப் பிறகு அவர்களே அழித்துவிட்டார்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. அன்று எங்களோடு வந்த கொட்டாஞ்சேனைக் குடும்பமும் வத்தளைப் பெடியங்களும் இதைக் கண்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், உங்கள் வங்கிச் சீட்டும் சேர்ந்தால் முறைப்பாடு பலமாக நிற்கும், அதை எறிந்துவிடாதீர்கள்.