மயக்க மருத்துவர் வரவில்லை, அவர் பெயரில் கட்டணம் மட்டும் வந்தது

சென்ற மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயாருக்கு (வயது 67) கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்தார்கள். ரசீதில் மயக்க மருத்துவர் கட்டணம் 4,000 ரூபாய் என்று இருந்தது. அப்படி ஒருவர் அந்த அறைக்குள் வரவே இல்லை. மயக்கத்துக்கு மிடாசோலமும் வலி தெரியாமலிருக்க ஃபென்டனிலும் போட்டவர் ஒரு செவிலியர்.

செவிலியர் போட்டதை நான் குறை சொல்லவில்லை. மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற செவிலியர் இம்மருந்துகளைக் கொடுப்பது பல நாடுகளில் உள்ள நடைமுறைதான்; ஆனால் நோயாளியின் மூச்சையும் நாடியையும் கவனிப்பதைத் தவிர அவருக்கு வேறு பொறுப்பு இருக்கக்கூடாது. இங்கோ ஊசி போட்ட அதே பெண்தான் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பிடித்தார், ஆய்வுக்கு எடுத்த திசுவின் குப்பியில் பெயரும் எழுதினார். ஆக்ஸிமீட்டர் விட்டுவிட்டு அலறியது கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

முடிந்த அரை மணி நேரத்தில், நன்றாக விழித்துவிட்டார், அழைத்துப் போகலாம் என்றார்கள். அம்மாவும் காபி கேட்டார். ஆட்டோ டோல்கேட்டை நெருங்கும்போது அவர் தலை என் தோளில் சரிந்தது; உலுக்கியும் கண் திறக்கவில்லை. வண்டியைத் திருப்பி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு விட்டோம்.

அங்கே பணியிலிருந்த மருத்துவர் மருந்து ரசீதை வாங்கி, ஃபுளூமாசெனில் என்ற ஒரு வரியில் விரலை வைத்தார். மிடாசோலம் மிஞ்சிப்போனால் அதை முறிக்கப் போடும் மருந்து அது. முறிமருந்தின் வேகம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், மிடாசோலமோ முதியவர் உடலில் அதற்கு மேலும் தங்கி மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும் என்பதால், அதைப் போட்டவரை 2 மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டுமாம். எங்களிடம் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மருந்தின் பெயரே இல்லை. சிக்கலின்றி முடிந்தது என்றிருந்தது.

அம்மா இப்போது நலம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் இப்பரிசோதனை என்றால், மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவருக்கு அங்கே வேறு வேலை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மருந்து ரசீதைச் சம்மரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

நியாயம் கேட்கப் போனபோது மேலாளர், “பேக்கேஜ்ல அது சேர்ந்தேதான் சார் வரும்” என்றார். பிறகு 4,000 ரூபாயைத் திருப்பித் தர இசைந்தார். சம்மரியைத் திருத்த மறுத்தார். மயக்க மருந்துப் பதிவேட்டின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இன்று ஐந்தாவது நாள்.