பையனுக்கு சென்சார், எனக்கு ஸ்ட்ரிப்: ஒரே வீட்டுல ரெண்டு சுகர்

மும்பை செம்பூர்ல எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு சுகர். எனக்கு டைப் 2, ஒம்பதாவது படிக்கிற பையனுக்கு டைப் 1. விரல்ல குத்திப் பாக்குற மீட்டரா, கையில ஒட்டுற சென்சாரான்னு ரெண்டையும் வச்சுப் பாத்தாச்சு, என் ஓட்டு சென்சாருக்குத்தான், ஆனா பையனுக்கு மட்டும்.

எனக்கு இன்சுலின் சுரக்குது, உடம்பு அதுக்கு மசிய மாட்டேங்குது, அப்பாவுக்கும் இருந்துச்சு, தொப்ப நானா வளத்தது. மெட்ஃபார்மின் மாத்திர மட்டும்தான், வாரத்துல ரெண்டு குத்து, மூணு மாசத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்த டெஸ்ட்), முடிஞ்சுது. மச்சினிக்கு மாசமா இருக்கும்போது நஞ்சுக்கொடி ஹார்மோனால வந்துச்சு, அவளும் மீட்டர்லயே ஓட்டிட்டா, பிரசவத்தோட இறங்கிடுச்சு.

பையனுக்கு அப்படி இல்ல. அவன் எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்ல அழிச்சிடுச்சு (பில்டிங்ல ஒரு ஆன்ட்டி "சாக்லேட் நெறைய குடுத்தீங்களா"ங்கறாங்க, என்னத்த சொல்ல). மொத்த இன்சுலினும் ஊசியிலதான், அளவு கொஞ்சம் பிசகினா தூக்கத்துலயே சுகர் லோ ஆயிடும். மீட்டர் நாம குத்தினாத்தான் வாயத் தொறக்கும், சென்சார் 70க்கு கீழ போனா போன்ல கத்தும். முன்னாடி ராத்திரி 2 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு அவன் விரலத் தேடி குத்துவோம், இப்ப நானும் அவன் அம்மாவும் தூங்குறோம், எனக்கு இது ஒண்ணே போதும்.

செலவு உதைக்கும், மறைக்கல. மீட்டர்ல சொருகுற ஸ்ட்ரிப் ஒண்ணு 20 ரூபான்னு வச்சு நாளைக்கு 7 குத்துன்னா 14 நாளைக்கு 1,960. அதே 14 நாள் சென்சாருக்கு நான் குடுக்குறது 4,500 கிட்ட. அதுலயும் ஜூன் மழையில வேர்வைக்கு ஒண்ணு அஞ்சாம் நாளே உரிஞ்சுது, இன்னொண்ணு லோக்கல் ட்ரெயின்ல குர்லா நெரிசல்ல யாரோட பையோ இழுத்துட்டுப் போயிடுச்சு.

அதுக்காக மீட்டரத் தூக்கிப் போட்றாதீங்க. சென்சார் ரத்தத்தப் பாக்கல, தோலுக்கு அடியில இருக்குற நீரப் பாக்குது, அஞ்சு பத்து நிமிஷம் பின்னாடியே வரும். மொத வாரம் 58 காட்டுச்சு, குளுக்கோஸ் கலக்கிக் குடுத்தேன், ஏறலியேன்னு பதறி இன்னொரு டம்ளர், விடிஞ்சா 260. அப்புறம் ஒரு ராத்திரி திரும்ப 58, இந்தத் தடவ குத்திப் பாத்தா 94, சென்சார் இருந்த கையில படுத்து அமுக்கிட்டு இருந்திருக்கான்.

இன்சுலின் பம்ப் நாங்க போட்டதில்ல, போட்டவங்கதான் சொல்லணும்.