ஸ்கேனில் ஒன்றுக்கு மேல் குறை தெரிந்தால்: என்.ஐ.பி.டி.யா, ஆம்னியோவா?

கருவின் உறுப்புகளில் குறை உள்ளதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் குறை, இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று இல்லை என்று தெரிந்ததும் எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. தாயின் இரத்தத்தில் பார்க்கும் என்.ஐ.பி.டி. ஒன்று, பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் ஆம்னியோ இன்னொன்று. நாங்கள் ஆம்னியோ செய்தோம். இதே நிலையில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

என்.ஐ.பி.டி.யை 10ஆவது வாரத்திலிருந்தே செய்யலாம், கருவுக்கு ஆபத்தில்லை. ஸ்கேன் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல சல்லடை. ஆனால் அது முக்கியமாகத் தேடுவது 21, 18, 13ஆம் குரோமோசோம்கள் கூடுதலாக உள்ளனவா என்பதை. அதுவும் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் கலந்த டி.என்.ஏ.வில். சில லேப்கள் இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. பாசிட்டிவ் வந்தால் உறுதி செய்ய மறுபடி ஆம்னியோவுக்குத்தான் வர வேண்டும். "லோ ரிஸ்க்" என்று வந்தாலோ, ஸ்கேனில் தெரிந்த குறைக்குக் காரணம் தெரியாமலே நிற்கும், வாரங்கள் ஓடிவிடும்.

ஆம்னியோ நீரில் இருப்பவை குழந்தையின் செல்கள். அதில் மைக்ரோஅரே (குரோமோசோமில் சிறு துண்டுகள் குறைந்தோ கூடியோ உள்ளனவா என்று பார்க்கும் பரிசோதனை) பார்த்தபோது 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பது தெரிந்தது. சாதாரணக் குரோமோசோம் பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: காரணத்தின் பெயர் தெரிந்தால் பிரசவத்துக்கு முன்பே சிகிச்சைக்குத் திட்டம் போடலாம். இந்தத் துண்டு விடுபட்ட குழந்தைகளுக்குப் பிறந்ததும் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம், அதனால் முதல் நாளிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் உள்ள, எதிர்ப்புச் செல்கள் வளரும் தைமஸ் சுரப்பி சிறிதாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும். அறுவைச் சிகிச்சைக்குக் கதிர்வீச்சு செய்த இரத்தம் கேட்க வேண்டும், உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். இதெல்லாம் பிரசவத்துக்கு முன்பே ஃபைலில் ஏறிவிட்டது. அப்புறம் எங்கள் இருவருக்கும் இரத்தம் பார்த்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் அடுத்த கருவுக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

ஆம்னியோவால் கரு கலைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 200இல் ஒன்று என்று பழைய கணக்கு. அனுபவமுள்ள கைகளில் அதைவிடக் குறைவு என்கின்றன பிந்தைய ஆய்வுகள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை இறக்குவார்கள். தாயின் செல் கலந்திருக்கலாம் என்பதால் முதலில் வரும் சில துளிகளைத் தள்ளிவிட்டு, அப்புறம் வெளிர் மஞ்சள் நீரைச் சேகரிப்பார்கள். தாய் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசியை (குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோஅரேயும் நார்மல் என்றால் எடுத்த அதே நீர் மாதிரியில் எக்ஸோம் (மரபணுக்களின் எழுத்துகளையே படித்துப் பார்க்கும் பரிசோதனை) பார்க்கலாம். ஒற்றை மரபணுக் கோளாறுகள் அதில் சிக்கும். நாங்கள் அதுவரை போகவில்லை, அதனால் அதைச் செய்தவர்களிடமும் மரபியல் ஆலோசகரிடமும் கேட்பதே சரி.