அமெரிக்காவின் சயான் பூங்கா மலையேற்றத்துக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்: எங்கள் ரூ.1,86,400 போன விதம்

இன்று காலை மூன்றாவது தடவையாக அந்த டிராவல்ஸ் ஆபீஸ் படியை ஏறி இறங்கிவிட்டு வந்தேன். வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ரூ.1,86,400. நான்கு பேருடைய பணம். ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், ஆகஸ்ட் மாதம் லாஸ் வேகாஸில் துணிக் கண்காட்சி நடக்கும். 2025 கண்காட்சிக்கு நான், என் மச்சான், எங்கள் வெள்ளியங்கிரி மலையேறும் செட்டில் இரண்டு பேர் என்று நால்வர் கிளம்பினோம். பதினோரு வருசமாகச் சேர்ந்து ஏழு மலையும் ஏறுகிறவர்கள் நாங்கள். அவ்வளவு தூரம் போகிறோம், அங்கேயும் ஒரு மலை ஏறிவிட்டு வரலாம் என்று மச்சான்தான் ஆசையைக் கிளப்பினான். லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் சயான் தேசியப் பூங்கா. யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், வர்ஜின் ஆறு செம்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. 1919-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்று ஒரு பாறை முகடு இருக்கிறது. கடைசி அரை மைல் இரண்டு பக்கமும் அதலபாதாளம், பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி. அந்த வீடியோவை மூன்று மாதம் மாற்றி மாற்றிப் பார்த்திருப்போம்.

ஜூன் மாதம் அந்த ஆபீசுக்குப் போனேன். பெயர் எழுதவில்லை, புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். டவுனுக்குள் ஒரு காம்ப்ளெக்ஸில் மாடியில் இருக்கிற, வெளிநாட்டு டூர், விசா, டிக்கெட் எல்லாம் போட்டுத் தருகிற ரகம். உள்ளே போனதும் அங்கே இருந்த டிராவல்ஸ்காரர் எழுந்து நின்று, "வாங்கண்ணா, உக்காருங்க, டீ சொல்லட்டுங்களா" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். பூர்வீகம் காங்கேயம் பக்கம் என்றேன். "அட, நமக்கும் அங்கதானுங்க" என்று தோட்டம், வாய்க்கால், மாட்டுச் சந்தை என்று ஒரு சுற்றுப் பேசினார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் மூலையில் ஒரு மூங்கில் தடி சாத்தியிருந்தது. கைப்பிடி இடம் வழவழவென்று கருத்துப்போய், அடி முனை நைந்து பிரிந்திருந்தது. வெள்ளியங்கிரித் தடி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "நீங்களும் ஏறுவீங்களா?" என்று கேட்டேன். "அப்பா காலத்துல இருந்துங்கண்ணா. ஒரு வருசம் தவறுனதில்லீங்க" என்றார்.

அந்தத் தடிதான். அதைப் பார்த்த பிறகு நான் வேறு எங்கேயும் விசாரிக்கவில்லை. மலை ஏறுகிற ஆள் மலை ஏறுகிற ஆளை ஏமாற்ற மாட்டான் என்று மனதார நம்பினேன்.

ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் கணக்குப் போட்டார். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் பெர்மிட், தலைக்கு ரூ.9,500 வீதம் 38,000. நேரோஸ் பள்ளத்தாக்கு பெர்மிட் 24,000. பூங்காவுக்குள் ஓடும் ஷட்டில் பஸ் பாஸ் 18,400. பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிற லாட்ஜில் இரண்டு ரூம், இரண்டு ராத்திரி, 92,000. சர்வீஸ் சார்ஜ் 17,600. மொத்தம் 1,90,000 வந்தது. சர்வீஸ் சார்ஜை அடித்து 14,000 என்று எழுதினார். "நம்மூர்க்காரங்ககிட்ட இவ்வளவுதானுங்க என்னால முடியும்." ரூ.1,86,400. கம்பெனி அக்கவுண்ட்டில் ஏதோ லிமிட் என்று சொல்லி ஒரு செல் நம்பர் கொடுத்தார், மூன்று தவணையாக அதற்கே அனுப்பினேன். ரசீது லெட்டர் பேடில் கையால் எழுதித் தந்தார். ஜிஎஸ்டி நம்பர் இல்லை. தினமும் பில்லோடு மாரடிக்கிற எனக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை.

ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்பில் பேப்பர் எல்லாம் வந்தது. எங்கள் பெயர், தேதி, கட்டம் கட்டமாக கியூஆர் கோடு, பச்சையில் ஒரு முத்திரை. வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்தேன்.

கண்காட்சி முடிந்த மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பூங்கா வாசலில் வண்டிக்கு 35 டாலர் கட்டினோம், அது ஏழு நாளைக்குச் செல்லும். ஷட்டில் ஓடுகிற மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டியை விடுவதில்லை. சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் டிரைவரிடம் பாஸை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த பஸ்ஸுக்கு டிக்கெட்டே கிடையாது, எல்லோருக்கும் இலவசம், ஏறுங்கள் என்றார். ரூ.18,400 அந்தப் படிக்கட்டிலேயே போனது. மச்சான் என்னைப் பார்த்தான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லாட்ஜில் எங்கள் பெயரே இல்லை. நான்கு பேர் பாஸ்போர்ட்டையும் வாங்கி, எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பொறுமையாகத் தேடிப் பார்த்தார்கள். இல்லை. பேப்பரில் இருந்த புக்கிங் எண் அவர்களுடைய எண் மாதிரியே இல்லையாம். அன்றைக்கு ரூமும் காலி இல்லை. திரும்பி ஒரு மணி நேரம் காரோட்டி செயின்ட் ஜார்ஜ் ஊருக்கு வந்து 310 டாலருக்கு ரூம் எடுத்தோம். அங்கிருந்து டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். நமக்கு அப்போது காலை எட்டு மணி. "இப்பத்தானுங்க எந்திரிச்சேன். பத்து மணிக்கு ஆபீஸ் போய் பாத்துட்டுக் கூப்புடறேங்கண்ணா" என்றார். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையிலேயே போய் குரோட்டோ நிறுத்தத்தில் இறங்கி ஏறத் தொடங்கினோம். பெர்மிட்டாவது உண்மையாக இருக்கும் என்று அப்போதும் ஒரு நப்பாசை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாறைக்கு நடுவில் சில்லென்று இருக்கிற இடுக்கு வழியாகப் போய், வால்டர்ஸ் விக்கிள்ஸ் என்கிற 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஸ்கவுட் லுக்அவுட்டுக்கு வந்தோம். எதிரே சங்கிலி தெரிகிறது. ஆயிரக்கணக்கான பேர் பிடித்துப் பிடித்து வெள்ளி மாதிரி மின்னுகிறது. அங்கே பூங்காக் காவலர், ரேஞ்சர் அம்மா ஒருவர் நின்று ஒவ்வொருவரையும் சோதித்து விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தாளை வாங்கி ஸ்கேன் செய்தார். இன்னொரு முறை செய்தார். பிறகு, இந்த எண்ணில் பெர்மிட் எதுவும் கொடுக்கப்படவில்லை என்றார்.

அவர் திட்டவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார், ஓரமாக உட்கார வைத்து விளக்கினார். 2022 ஏப்ரல் 1 முதல் அந்தச் சங்கிலிப் பாதைக்கு பெர்மிட் கட்டாயம். அது குலுக்கலில்தான் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு 6 டாலர், ஒரே விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை போடலாம். விழுந்தால் தலைக்கு 3 டாலர். வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது, விற்கவும் முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்குமான குலுக்கல் ஏப்ரலிலேயே முடிந்துவிடுமாம். அதை விட்டால் முந்தின நாள் குலுக்கல் ஒன்றுதான். அதாவது, ஜூன் மாதம் "கன்ஃபார்ம் ஆயிருச்சுங்கண்ணா" என்று டிராவல்ஸ்காரர் என்னிடம் சொன்னபோது, கன்ஃபார்ம் ஆக ஒன்றுமே இருந்திருக்க முடியாது. நால்வருக்கும் சேர்த்து 18 டாலர். நம் பணத்தில் சுமார் 1,600 ரூபாய். நான் கொடுத்தது 38,000.

இன்றைக்கு விண்ணப்பித்தால் நாளைக்குக் கிடைக்கலாம் என்றும் அந்த அம்மா சொன்னார். நாளைக்கு எங்களுக்கு விமானம். சங்கிலிக்குப் பத்தடி தூரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினோம். செட்டில் மூத்தவர், 58 வயது, இனி ஒருமுறை வர முடியுமோ என்னவோ, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம் நேரோஸ். ஆற்றுத் தண்ணீருக்குள்ளேயே நடந்து போகிற பள்ளத்தாக்கு, சில இடங்களில் இரண்டு பக்கச் சுவரும் இருபது முப்பது அடிக்கு நெருங்கி வரும். கீழே இருந்து பிக் ஸ்பிரிங் என்கிற இடம் வரை ஏறிப்போய்த் திரும்புவதற்கு பெர்மிட்டே தேவையில்லை. ஆக அந்த 24,000-மும் வெறும் தாளுக்கு. இதைவிட மோசம், விசிட்டர் சென்டர் பலகையில் அன்றைக்கு வெள்ள அபாயம் அதிகம் என்று எழுதியிருந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடி மழைக் காலம். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே எங்கோ மேலே பெய்த மழை சுவர் மாதிரி வந்துவிடும். நமக்கு இது புரியாத விஷயமா? திருப்பூரில் சொட்டு மழை இருக்காது, வெள்ளியங்கிரிப் பக்கம் பெய்தால் நொய்யலில் தண்ணீர் வரும். ஆனால் நேரோஸில் பல இடங்களில் ஒதுங்கக் கரை கிடையாது. 2015 செப்டம்பரில் இதே பூங்காவில் கீஹோல் என்கிற இடுக்கில் ஏழு பேர் இப்படித்தான் செத்துப்போனார்கள். "ஆகஸ்ட்டுதானுங்க அங்க நல்ல சீசன்" என்று சொல்லி எங்களை அனுப்பி வைத்தார் அந்த மனுசன். பணத்தை விட்டாலும் இதை விட மாட்டேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் போனேன். "ரீஃபண்டு பிராசஸ்ல இருக்குதுங்க. ஏழு வேலை நாளுங்க." எட்டாவது நாள் போனேன். "தப்பு அமெரிக்கா வெண்டாருதுங்க. நாங்க நடுவுல இருக்கறவங்க, எங்க காசும்தான் போச்சு." அந்த வெண்டார் பெயர், மெயில் எதையாவது கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியலுங்க." இன்னும் அழுத்திக் கேட்டதும், நாங்கள் வேறு ஊரில் ரூம் எடுத்ததால் லாட்ஜ் புக்கிங் 'நோ ஷோ', அதாவது புக் செய்துவிட்டு வராத கணக்கு, ஆகிவிட்டதாம், அதனால் 92,000 திரும்ப வராதாம். இல்லாத புக்கிங்குக்கு நோ ஷோ! வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்றிலிருந்து அவர் படமும் தெரியவில்லை.

இன்று காலை போனபோது டேபிளில் ஒரு பெண் மட்டும் இருந்தது. "சார் ஈரோடு போயிருக்காருங்க, சாயங்காலம் வருவாருங்க." வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தத் தடி அதே மூலையில் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணிடம் கத்தி என்ன பிரயோஜனம், இறங்கி வந்துவிட்டேன்.

பூங்காவுக்கு எப்படித் திட்டம் போடுவது, என்ன செருப்பு, எவ்வளவு தண்ணீர் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் பெர்மிட்டுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்கிற அமெரிக்க அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள், யார் விற்றாலும் வாங்காதீர்கள். முந்தின நாள் குலுக்கல் அங்கத்திய நேரம் மாலை 3 மணிக்கு மூடும், 4 மணிக்கு முடிவு வரும், அதனால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் ஸ்கவுட் லுக்அவுட் வரை பெர்மிட் இல்லாமல் போகலாம். ஷட்டில் இலவசம். லாட்ஜ் புக்கிங் எண்ணை வாங்கியவுடன் லாட்ஜுக்கே போன் போட்டுக் கேளுங்கள். தனியாள் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் எழுந்து வராதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இருபது நாள் தள்ளிக் கூப்பிட்டேன், அது என் தப்பு.

மாடி ஆபீஸ், நாற்காலிக்குப் பின்னால் மூங்கில் தடி, கையெழுத்து ரசீது. இதே அடையாளத்தில் திருப்பூரில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்து எனக்குத் தனியாக எழுதுங்கள். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஒருவராகப் போவதைவிட நான்கைந்து பேராகப் போனால் நல்லது.